பெட்டி கொடுத்தால் மட்டும் படகு பிழைக்காது

"அதான் எல்லாப் படகிலும் ஜிபிஎஸ் இருக்கிறதே, அப்புறம் எப்படிக் காணாமல் போகிறார்கள்?"

கடலில் படகு தொலைந்த செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறார்கள், லோக்கல் ரயிலில் கேட்கிறார்கள், மும்பை குர்லாவில் எங்கள் தெரு டீக்கடையிலும் கேட்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: கருவியைக் கொடுத்தாகிவிட்டது, இனி நடப்பதற்கு மீனவர்தான் பொறுப்பு.

அரசுத் திட்டங்களைப் பற்றிய பேச்சும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று, மும்பைக்கு வடக்கே இருக்கும் பால்கரில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, கரையோடு செய்தி பரிமாறும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்தும் திட்டம் அது. மதிப்பீடு 364 கோடி ரூபாய். படகுக் கணக்கில் வகுத்தால் ஒன்றுக்கு 36,400 ரூபாய். நல்ல திட்டம், வேண்டிய திட்டம். இஸ்ரோவின் தொழில்நுட்பம் மீனவன் கைக்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அன்று முதல் இன்றுவரை நாம் எண்ணிக்கொண்டிருப்பது பெட்டிகளைத்தான். எத்தனை பொருத்தியாயிற்று, எத்தனை பாக்கி என்று கேட்கிறோம். ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை உயிரோடிருக்கின்றன, படகில் வேறு எந்தக் கருவியோடு அவை பேசுகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

படகு எலக்ட்ரானிக்ஸ் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. மும்பையின் சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் நிற்கும் படகுகளின் கேபின்களுக்குள் குனிந்து ஒயர் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த நம்பிக்கை தவறு. படகில் கருவி இருப்பது வேறு, கருவிகள் ஒன்றோடொன்று சரியாக இணைந்திருப்பது வேறு. உயிரைக் காப்பது இரண்டாவதுதான். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வதால்தான் ஆட்களைப் பறிகொடுக்கிறோம்.

முதலில் அடிப்படைத் தவறைப் பார்ப்போம். ஜிபிஎஸ் இருந்தால் நாம் இருக்கும் இடம் "அவர்களுக்கு" தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. ஜிபிஎஸ் ரிசீவர் ஒரு கேட்கும் கருவி மட்டுமே. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. அந்தச் செயற்கைக்கோளுக்கு யார் கேட்கிறார்கள் என்பதே தெரியாது. ரிசீவர் கணக்கிட்ட எண்கள் திரையைத் தாண்டி வெளியே போக வேண்டுமானால், பேசத் தெரிந்த இன்னொரு கருவியிடம் யாராவது அவற்றைக் கொண்டுசேர்க்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர்தான் இணைப்பு. அது இல்லாத படகில் ஜிபிஎஸ் சொல்வது ஓட்டுபவரின் கண்ணுக்கு மட்டும்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இதைக் கொடூரமாகக் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆட்கள் நாட்டிலேயே மிகத் தொலைவு போய்த் தொழில் செய்பவர்கள். கொச்சியிலிருந்தும் மகாராஷ்டிர, குஜராத் துறைமுகங்களிலிருந்தும் வாரக்கணக்கில் தங்கல் போகிறவர்கள். ஜிபிஎஸ் இல்லாமல் அந்தத் தொழிலே நடக்காது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது படகிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. புயல் எச்சரிக்கை படகுக்குப் போகவும் வழியில்லை, படகின் இடம் கரைக்கு வரவும் வழியில்லை. டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகளில் 952 பேர் ஒதுங்கினார்கள் என்ற செய்தி வந்தது. 66 படகுகள் கேரளாவைச் சேர்ந்தவை, 2 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. கரை சேரும்வரை அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கடற்கரையில் அழுதுகொண்டிருந்த வீட்டாருக்குச் சொல்ல ஆளில்லை. அவர்களிடம் ஜிபிஎஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது வேறு எதனோடும் இணைந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

சரி, ரேடியோ இருக்கிறதே என்பார்கள். அதையும் பார்ப்போம்.

இன்றைய கடல் விஎச்எஃப் செட்டுகளில், மீனவர்கள் வயர்லெஸ் என்று சொல்லும் பெட்டியில், டிஎஸ்சி என்ற வசதி உண்டு. சின்ன மூடிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கிச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், சானல் 70 வழியாக ஒரு டிஜிட்டல் அபயக்குரல் போகும். அதில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண், ஆபத்தின் வகை, படகின் இடம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும். கத்திப் பேச நேரமில்லாதபோதும், மொழி தெரியாத கப்பல் பக்கத்தில் இருக்கும்போதும் இந்த ஒற்றை அழுத்தம் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட ஏற்பாடு. ஆனால் அந்த இடம் ரேடியோவுக்கு எப்படித் தெரியும்? ஜிபிஎஸ்ஸிலிருந்து ஓர் ஒயர் வந்து சொன்னால்தான் தெரியும். வரவில்லையென்றால் செய்தியில் இடம் இருக்க வேண்டிய பத்து இலக்கங்களிலும் 9 என்ற எண்ணையே போட்டு அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. நேரம் தெரியாவிட்டால் நான்கு 8. பத்து ஒன்பதும் நான்கு எட்டுமாகப் போய்ச் சேரும் அபயக்குரல், விலாசம் எழுதாத தந்தி. ஆபத்து என்று தெரியும், எங்கே போவது என்று தெரியாது.

இது நம் ஊர் ஏழைப் படகுகளின் குறை என்று நினைக்க வேண்டாம். 2010இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தங்களுக்கு வரும் டிஎஸ்சி அபயக்குரல்களில் சுமார் 90 சதவீதத்தில் இடமே இல்லை, தயவுசெய்து ரேடியோவை ஜிபிஎஸ்ஸோடு இணையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பணக்கார நாடு. இரண்டு கருவிகளும் வாங்கியவர்கள். நடுவில் வர வேண்டிய இரண்டு கம்பிகள் மட்டும் வரவில்லை. பெட்டி இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

"ஜிபிஎஸ் திரையைப் பார்த்து வாயால் படித்துச் சொல்லிவிடலாமே" என்று ஒரு வாதம் உண்டு. அமைதியான கடலில், பகல் வெளிச்சத்தில் படிக்கலாம். அப்போதும் தவறு வரும். மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அட்சரேகையை எடுத்துக்கொள்வோம்: 18 டிகிரி 54.50 நிமிடம். ஒருவர் இதைப் "பதினெட்டு, ஐம்பத்து நாலு, ஐம்பது" என்று சொல்கிறார். கேட்பவர் 54 நிமிடம் 50 விநாடி என்று எழுதினால் 600 மீட்டருக்கு மேல் பிசகு. தசம டிகிரிக்குப் பழகியவர் 18.5450 என்று எழுதினால் ஏறத்தாழ 22 கடல் மைல், அதாவது 40 கிலோமீட்டர் தள்ளித் தேடப் போவார். ராத்திரி, அலை, நனைந்த கண்ணாடி, தண்ணீர் ஏறும் என்ஜின் அறை, கன்னியாகுமரித் தமிழ் பேசும் ஓட்டுநர், மராத்தியோ இந்தியோ பேசும் கரை: இத்தனைக்கும் நடுவே மனிதன் வாயால் எண் படிப்பதை நம்பி நாம் உயிர்களை விடக்கூடாது. கருவி கருவிக்குச் சொன்னால் இந்தப் பிசகு வராது.

கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியும் புதிதல்ல. என்.எம்.இ.ஏ. 0183 என்ற விதிமுறை 1983இல் வந்தது. நொடிக்கு 4,800 பிட் வேகத்தில், டாலர் குறியில் தொடங்கி நட்சத்திரக் குறியும் சரிபார்ப்பு எண்ணுமாக முடியும் சிறு சிறு வாக்கியங்கள். ஆர்.எம்.சி. என்ற ஒரு வாக்கியத்தில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, நாட் கணக்கில் வேகம், போகும் திசை, தேதி எல்லாம் அடங்கிவிடும். மலிவான பழைய ரிசீவருக்கும் இது தெரியும், புதிய ரேடியோவுக்கும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கும் கணினிக்கும் தெரியும். ஒரே கட்டுப்பாடு: ஒரு கம்பியில் ஒருவர்தான் பேசலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். இருவருடைய பேச்சுக் கம்பியைச் சேர்த்து முறுக்கினால் இரண்டும் குழம்பும். கப்பல்களின் அடையாளத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவி 38,400 பிட் வேகத்தில் பேசும். கேட்கும் பக்கத்தை அதற்கேற்ப மாற்றாவிட்டால் திரை காலியாகவே கிடக்கும். கம்பியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இவ்வளவுதான் வித்தை. தெரிந்தவனுக்கு ஒரு பிற்பகல் வேலை. தெரியாதவன் கையில் இரண்டு நல்ல கருவிகள் வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு படகை அருகில் வைத்துக் காட்டுகிறேன். சசூன் டாக்கில் நின்ற தங்கல் படகு அது. "அண்ணே, வயர்லெஸ் எல்லாம் கேக்குது, நாம பேசினா மட்டும் செத்துப் போகுது" என்றார் ஓட்டுநர். செட்டைக் கழற்றிக் கடைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். செட்டில் எந்தக் குறையும் இல்லை. பேட்டரி கீழே என்ஜின் பக்கம், ரேடியோ மேலே கேபினில். நடுவே பத்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர இருபது மீட்டர். கேட்கும்போது ரேடியோ எடுப்பது சொற்ப மின்சாரம், அதனால் ஒன்றும் தெரியாது. 25 வாட்டில் பேசப் பொத்தானை அழுத்தியதும் 5, 6 ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிய செம்பு மட்டுமே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போய்ச் சேர்வது 10. செட் அணைந்துவிடுகிறது. அதே ஒயரிலிருந்துதான் ஜிபிஎஸ்ஸுக்கும் மின்சாரம். ரேடியோவில் பேசும் அந்த நொடியில் ஜிபிஎஸ்ஸும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து செயற்கைக்கோள் தேடும். ஆபத்தில் பேச வேண்டிய நொடியில் இரண்டும் சேர்ந்து சாகும் ஏற்பாடு அது. அந்தப் படகில் எந்தக் கருவிக்கும் குறைவில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அது பாதுகாப்பான படகுதான்.

டேட்டா ஒயரின் இணைப்பையும் பிரித்தேன். முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் பசை உருகி வழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று இழை இழையாக நான்கு விரற்கடை தூரம் உள்ளே ஏறியிருந்தது. வெளியே பார்த்தால் ஒயர் புதிது போல இருக்கும். கடலுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இருக்கிறது. இணைப்பின் மேல் சூடுகாட்டினால் சுருங்கி உள்ளே பசையோடு இறுகும் குழாய் இருக்கிறது. இரண்டும் தங்கம் அல்ல. ஆனால் குர்லா சி.எஸ்.டி. ரோட்டின் கார், லாரி உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது சாதாரண ஒயர். மும்பையில் படகு வேலைக்கும் பல நேரம் அதுதான் போகிறது. வாங்குபவரைக் குறை சொல்ல மாட்டேன். எது வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கருவியின் விலையைச் சொன்னவர்கள், அதைக் கட்டிக்கொடுக்கும் வேலையின் விலையைச் சொல்லவே இல்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "ஒயர் காலம் போய்விட்டது. எல்லாம் புளூடூத். டிரான்ஸ்பாண்டர் போனோடு பேசும், போனில் எல்லாம் தெரியும்." புதிய டிரான்ஸ்பாண்டர் புளூடூத் வழியாகப் போனோடு இணைந்து, இரு வழிச் செய்தியும் எல்லை எச்சரிக்கையும் காட்டுவது உண்மை. ஒக்கிக்குப் பிறகு 2019இல் வந்த ஜெமினி கருவியும் ககன் செயற்கைக்கோள் செய்தியை வாங்கிப் புளூடூத்தில் போனுக்குக் கொடுத்தது. ஆனால் அது ஒரு வழிப் பாதை, படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் புளூடூத் மாற்றுவது கடைசிப் பத்தடியை மட்டும்தான். டிரான்ஸ்பாண்டருக்கு மின்சாரம் ஒயரில்தான் வர வேண்டும். மேலே சொன்ன அதே ஒயரில். வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் படகில் போனுக்கு சார்ஜ் ஏற்றுவதும் அந்த ஒயர்தான். போனின் சொந்த சிக்னல் கரையை விட்டுச் சற்றுத் தூரத்திலேயே அற்றுவிடும். அதற்கப்பால் போன் வெறும் திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துக் கப்பலைக் கூப்பிடும் விஎச்எஃப் ரேடியோவுக்கு இந்தப் போன் பேச்சு கேட்பதில்லை. அது தன் முதுகில் இரண்டு கம்பிகளுக்காகக் காத்திருக்கிறது. செயற்கைக்கோள் வழிச் செய்தி கரைக்குப் போய், கரையிலிருந்து ஆள் கிளம்பி வருவதற்குள், ஐந்து மைல் தூரத்தில் போகும் சரக்குக்கப்பல் திரும்பி வந்து காப்பாற்றிவிடும். அதற்கு ரேடியோவில் இடம் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் உள்ளேயே அமைந்த ரேடியோக்கள் இப்போது வருகின்றன. வாங்க முடிந்தவர் அவசியம் வாங்கட்டும். ஏற்கெனவே படகில் இருக்கும் செட்டுகளை என்ன செய்வது என்பதே என் கேள்வி.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: "எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் ஒன்று பொய் சொல்லும்போது எல்லாம் சேர்ந்து பொய் சொல்லும்." உண்மை. அப்படி நடந்தும் இருக்கிறது. 1995 ஜூன் 9 அன்று பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது ராயல் மெஜஸ்டி என்ற பயணக்கப்பல். கப்பலில் 1,509 பேர். துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் ஜிபிஎஸ் அன்டெனாவின் கேபிள் இணைப்பிலிருந்து விட்டுப்போனது. ரிசீவர் செயற்கைக்கோளை இழந்து, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசக் கணக்குப் போடத் தொடங்கியது. ஒரு நொடி மட்டும் மெல்லிய பீப் ஒலித்தது. திரை மூலையில் இரண்டு சிறு குறிப்புகள் தெரிந்தன. யாரும் கவனிக்கவில்லை. ரிசீவர், தான் அனுப்பும் என்.எம்.இ.ஏ. வாக்கியங்களில் "இந்த இடம் செல்லாது" என்ற குறியைப் போட்டுத்தான் அனுப்பியது. வாங்கிக்கொண்ட தானியங்கிச் சுக்கானோ அந்தக் குறியைப் படிக்கும்படி வடிவமைக்கப்படவில்லை. ஏறக்குறைய 34 மணி நேரம் அந்தப் பொய் இடத்தை நம்பி ஓடிய கப்பல், ஜூன் 10 இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறி நின்றது. இருப்பதாக நினைத்த இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் 17 மைல் வித்தியாசம். வேறு வழியில் இடம் காட்டும் லோரான் கருவி பக்கத்திலேயே சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆழம் குறைந்தால் கத்த வேண்டிய எக்கோ சவுண்டரின் அலாரம் 0 மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது.

இந்த விபத்தை எடுத்துக்காட்டி "இணைக்காமல் இருப்பதே நல்லது" என்பவர்கள் அதை அரைகுறையாகப் படிக்கிறார்கள். ராயல் மெஜஸ்டியில் கருவிக்குப் பஞ்சமில்லை. தவறிப்போனது கழன்ற ஒரு கேபிளும் படிக்கப்படாத ஒரு குறியும். அதாவது இணைப்பு வேலை. அதைச் சோதித்தவர் இல்லை. பெட்டி இருந்தால் போதும் என்ற மனப்பான்மைதான் அந்தக் கப்பலைச் செலுத்தும் அறையிலும் ஆட்சி செய்தது. இதற்கு மருந்து ஒயரைப் பிடுங்குவதில்லை. ஆர்.எம்.சி. வாக்கியத்தில் இடத்துக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். இடம் நம்பத்தக்கதென்றால் "ஏ", இல்லையென்றால் "வி". பொருத்தும் ஆள் வேலை முடிந்ததும் அன்டெனா கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரேடியோ கத்துகிறதா, வரைபடத்தில் இடம் காட்டும் பிளாட்டர் கத்துகிறதா, அல்லது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஓட்டுநருக்கு அங்கேயே நேரில் காட்ட வேண்டும். அதோடு எதனோடும் இணைக்காத, சாதாரண பேட்டரி செல்லில் ஓடும் ஒரு கையடக்க ஜிபிஎஸ் கேபினில் தனியாகத் தொங்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று காவல் மாறும்போதெல்லாம் பார்த்தால் போதும்.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வலிப்பது: "மீனவர்களே கருவியை அணைத்துவிடுகிறார்கள். கொடுத்து என்ன பயன்?" இதைச் சொல்பவர்கள், மும்பையில் இருந்தால், அடுத்ததாக 26/11ஐ இழுப்பார்கள். 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் போர்பந்தரின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, ஜிபிஎஸ் வைத்து வழிபார்த்து இந்த நகரத்துக்கு வந்தார்கள். அந்தப் படகின் இந்திய மீனவர்களைக் கொன்றுவிட்டுத்தான் வந்தார்கள். அதன்பிறகு கடலில் போகும் ஒவ்வொரு படகையும் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது, அது நியாயமும்கூட. ஆனால் கண்காணிக்க மட்டுமே வைக்கப்பட்ட கருவியை யாரும் நேசிப்பதில்லை. என் பேட்டரியைத் தின்று, என் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லி, எனக்கு எதையும் தராத பெட்டி எந்த மனிதனுக்கும் பாரம்தான். அதே இடத்தகவல் அவருடைய ரேடியோவுக்கும் பிளாட்டருக்கும் எக்கோ திரைக்கும் போகட்டும். வலை சிக்கிய பாறையையும் மீன் கிடைத்த புள்ளியையும் ஆழத்தோடு சேர்த்துக் குறித்துவைக்கட்டும். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் கணித்துத் தரும் மீன்வளப் பகுதித் தகவலும் புயல் எச்சரிக்கையும் அதன் வழியாக வரட்டும். அப்போது அது அவருடைய தொழில் கருவி. தொழில் கருவியை யாரும் அணைப்பதில்லை. அணைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுபவர்கள், அணைக்காமல் வைத்திருக்க அவர்களுக்கு என்ன காரணம் கொடுத்தோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்ற கோணத்திலேயே பார்த்தாலும் பெட்டியை எண்ணுவது போதாது. 26/11க்குப் பிறகு மூன்று ஆண்டுகூட ஆகாத 2011 ஜூலை இறுதியில், ஓமான் பக்கம் மாலுமிகள் கைவிட்ட பவித் என்ற எண்ணெய்க்கப்பல் ஒரு மாதம் மிதந்து வந்து ஜூஹு கடற்கரையில் தட்டி நின்றது. கரையில் ஏறும்வரை அதை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. தாமாகவே இடம் சொல்லும் கலங்களை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஏற்பாடு, சொல்லாத கலத்தைப் பார்க்காது. படகில் "வி" என்ற எழுத்துக்கு ரேடியோ கத்த வேண்டியதைப் போலவே, கரையிலும் ஒரு படகின் தகவல் நின்றுபோனால் அங்கே மணி அடிக்க வேண்டும். அந்தப் படகுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்க வேண்டும். ஒயர் அறுந்ததா, ஆள் ஆபத்தில் இருக்கிறாரா, வேண்டுமென்றே அணைத்தாரா? இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாத கண்காணிப்பால் மீனவருக்கும் பயனில்லை, நாட்டுக்கும் பயனில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. படகுக்கு வழங்கும் ஒவ்வொரு கருவியோடும் அதைப் பொருத்தும் வேலைக்கான கூலியும் கடலுக்கேற்ற கம்பியும் தனி ஃபியூஸும் சேர்ந்தே வர வேண்டும். பொருத்தியதற்கான சான்றில், பெட்டியின் எண்ணை மட்டும் எழுதக்கூடாது. என்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்கியது, ரேடியோவின் திரையில் ஜிபிஎஸ் இடம் தெரிந்ததா, அன்டெனாவைக் கழற்றியபோது அலாரம் வந்ததா என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்ற வரைபடத்தைத் தமிழிலோ மராத்தியிலோ மலையாளத்திலோ அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டுக் கேபினில் ஒட்ட வேண்டும். குமரி மாவட்டத்துப் படகு ரத்னகிரியில் பழுதானால், அங்கிருக்கும் மெக்கானிக் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மழைக்காலத் தடை நாட்களில் படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. என்ஜினைப் பிரித்து, பெயின்ட் அடிக்கும் அதே வாரங்களில் ஒயரையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை மீன்வளத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும்.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். என் ஊரிலேயே காட்டுகிறேன். குர்லாவிலும் தாராவியிலும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் போன் போர்டின் கடுகளவு பாகத்தைப் பிடுங்கி மாற்றிவைக்கும் தமிழ்ப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு என்.எம்.இ.ஏ. ஒயரிங் மிக எளிது. கடலைப் பற்றிய அறிவு மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். உப்பு என்ன செய்யும், அன்டெனாவை எங்கே வைக்கக்கூடாது, ரேடியோவின் மின்சாரத்தையும் ஜிபிஎஸ்ஸின் மின்சாரத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பது சில வாரப் பாடம். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை வைத்திருக்கும் சிஃப்நெட் நிறுவனம் மீன்பிடிக் கலங்களுக்கான பயிற்சியைப் பல பத்தாண்டுகளாகத் தந்துவருகிறது. அதன் பாடத்தில் ஒரு பகுதியைத் துறைமுக நகரங்களின் ஐ.டி.ஐ.களுக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே இதைக் கற்றால் இன்னும் நல்லது. தகப்பன் போகும் படகின் இணைப்பை மகனோ மகளோ சோதித்து அனுப்பினால், அதில் அலட்சியம் இருக்காது.

செலவாகுமே என்பார்கள். ஆகும். ஒரு தங்கல் பயணத்துக்கு ஏற்றும் டீசலோடு ஒப்பிட்டால் கம்பியும் கூலியும் பெரிய தொகை அல்ல. காணாமல் போன படகைத் தேட ஒரு விமானமும் ஒரு கப்பலும் ஒரு நாள் சுற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது. இடம் தெரிந்தால் நேராகப் போய் எடுக்கலாம். தெரியாவிட்டால் ஆயிரக்கணக்கான சதுர மைலைச் சல்லடை போட வேண்டும். ஒயருக்குக் கொடுக்காத பணத்தைத் தேடலுக்குக் கொடுக்கிறோம். அப்போதும் ஆள் கிடைப்பார் என்ற உறுதி இல்லை.

மீனவருக்கு ஜிபிஎஸ் கொடுத்தோம் என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர் எங்கே இருக்கிறார் என்று அவருடைய ரேடியோவுக்குத் தெரியுமா, பக்கத்துக் கப்பலுக்குத் தெரியுமா, கரைக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் "ஆம்" என்று சோதித்துப் பார்த்துச் சொல்ல முடிந்த படகைத்தான் பாதுகாப்பான படகு என்று எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். அப்படி எண்ணினால் இன்று நாம் பெருமையாகச் சொல்லும் எண்ணிக்கை குறையும். குறையட்டும். உண்மையான எண்ணிலிருந்து தொடங்கினால்தான் அதை உயர்த்த முடியும்.